அத்தியாயம் 9: கூப்பிட்டால் நிற்காத வண்டி

கரி பஸ்ஸில் போனவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

யுத்தக் காலம் அது. பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு தகர அடுப்பைக் கட்டி, மூட்டைக் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அரை மணி நேரம் விசிறியைச் சுற்றினால் அந்தப் புகையில் வண்டி ஓடும். ஓடும் என்றா சொன்னேன்? அதற்கு மனசிருந்தால் ஓடும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினவனுக்கும் முழு டிக்கெட்தான், சல்லி குறைக்க மாட்டார்கள்.

வீடு வந்து சேரும்போது மூக்குத் துவாரம் வரைக்கும் கரி. திட்டாத நாள் இல்லை. இருந்தும், இன்றைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளுகுளுவென்று போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கரி வாசனைதான் வேண்டியிருக்கிறது. பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆவுடையப்பன் அந்தக் கரியில் இரண்டு வருஷம் வெந்தவர் என்பது விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

ஆலங்குடியில் ஒற்றை மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷர். முப்பத்தெட்டு வயதில், சௌந்தரவல்லி மோட்டார் சர்வீஸ் ஷெட்டில் அப்புரெண்டிசாகப் போய்ச் சேர்ந்தார். டிரைவர்களெல்லாம் பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட்டதால் முதலாளி கண்டுபிடித்த வழி அது. காலையில் ஷெட்டில் வேலை, அதற்கு மாதச் சம்பளம். மத்தியானத்துக்கு மேல் படிப்பு: என்ஜின் பாகம், சாலை விதி, கை சைகை. இரண்டு வருஷம் முடிந்தால் பரீட்சை. தேறினால் லைசென்ஸ், டிரைவர் உத்தியோகம். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

பாடம் சொல்லித் தந்தது மேஸ்திரி சூசைராஜ். வயது இருபத்தாறு. ஷெட்டுக்குள் ஆவுடையப்பன் அவனை 'மேஸ்திரி' என்பார், ஷெட்டை விட்டு வெளியே வந்தால் 'தம்பி' என்பார். அவன் எங்கேயும் 'அண்ணே'தான்.

இதில் ஒரு சங்கடம். ஆவுடையப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மனைவி செவந்தி நாலாம் வகுப்பு வரைக்கும் போனவள். சனிக்கிழமை தோறும் சூசைராஜின் நோட்டு வீட்டுக்கு வரும். அவள் அடுப்படியில் உட்கார்ந்து வாசிக்க, இவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே திருப்பிச் சொல்வார். இரண்டு வருஷத்தில் செவந்திக்கு அந்த நோட்டு முழுக்க மனப்பாடம். பஸ்ஸில் ஒரு தடவைகூட முன்சீட்டில் உட்காராதவள், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் விதத்தை ஒப்பிப்பாள்.

பரீட்சை நெருங்க நெருங்க மயிலைக் காளையையும் வண்டியையும் விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு தோணியில் கால் வைக்கக் கூடாது என்று செவந்திதான் சொன்னாள். திருவப்பூர் இருளாண்டி அச்சாரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

இன்று புதன்கிழமை. பரீட்சையும் இன்றைக்குத்தான், மாடு போவதும் இன்றைக்குத்தான்.

*

விடிந்தும் விடியாமல் இருளாண்டி வந்து நின்றான். தலையில் சிவப்புத் துண்டு, கையில் புதுக் கயிறு. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை அல்லவா? கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடும். செவந்தி பழைய கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். இருளாண்டி புதுசைப் போட்டு, மாட்டை வண்டியில் பூட்டினான்.

அண்ணன் எங்கே என்று கேட்டான். கரி மூட்டப் போய்விட்டார் என்றாள். உண்மைதான். ஆனால் ஏழரை மணிக்கு மூட்ட வேண்டிய கரிக்கு ஆவுடையப்பன் நாலரைக்கே எழுந்து ஓடிவிட்டார். மாடு படி தாண்டுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அதை அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதெல்லாம் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

மயிலை நாலு எட்டு வைத்ததும் நின்றது. ஆவுடையப்பனின் குரலுக்காகத்தான். இருளாண்டி வாலைப் பிடித்து முறுக்கிய பிறகு நகர்ந்தது.

*

பரீட்சை அதிகாரி முதல் நாளே வந்து டிராவலர்ஸ் பங்களாவில் தங்கியிருந்தார். கஞ்சி போட்ட கால்சட்டை, கண்ணாடி, அதிகம் பேசாத வாய். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு வாய்ப் பரீட்சையை ஆரம்பித்தார். டிக்கெட் வாங்கிய ஜனமெல்லாம் சுற்றி நின்றது. கூத்துப் பார்க்கக் காசா பணமா?

என்ஜின் கொதித்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணை மூடினால்தான் அவருக்குச் செவந்தியின் குரல் கேட்கும்.

"ஒடனே மூடியத் தெறக்கக் கூடாதுங்க. ஆவி மொகத்துல அடிச்சுப்புடும். ஓரமா நிறுத்தி, சோத்துப் பானைய எறக்கி வச்சு ஆறவிடுற மாதிரி விட்டு, துணியப் போட்டுத் தெறக்கணும்."

சோத்துப் பானை சூசைராஜின் நோட்டில் இல்லை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்றார். மேஸ்திரி பாதி, வீட்டில் பாதி என்று இவர் சொன்னார். கூட்டத்தில் கருவாட்டுக்காரி ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கை சைகை கேட்டார், இவர் காட்டினார். பாலத்தில் எதிரே வண்டி வந்தால் என்று கேட்டார், இவர் சொன்னார். கடைசியாக ஆடு மாடு குறுக்கே வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி.

"வேகத்தக் கொறச்சுப் பிரேக்கப் போடணுங்க. சத்தம் போட்டு மெரட்டக் கூடாது. அது மெரண்டு நம்ம மேலயே வந்துரும்."

இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனுஷருக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை.

அதிகாரி பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். சூசைராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, தேறியாச்சு என்று கண்ணால் சொன்னான். ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மீதி இருந்தது ஓட்டிக் காட்டுவது மட்டும்தான். அதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஷெட்டைச் சுற்றி அவர் ஓட்டாத ஓட்டமா?

*

அந்தக் காலத்தில் பரீட்சைக்கென்று தனி மைதானம் ஏது? புதுக்கோட்டை போகிற பஸ்ஸை அப்படியே ஜனத்தோடு ஓட்டிக் காட்ட வேண்டியதுதான். அதிகாரி பக்கத்தில், சூசைராஜ் பின்னால் தொங்கிக்கொண்டு, ராசாத்தி முன்வரிசையில் கூடையோடு.

வம்பன் வரைக்கும் எவ்வளவு அழகாக ஓட்டினார் தெரியுமா? பள்ளத்தில் இறக்கினால் ராசாத்தியின் கூடை அசையவில்லை. அதிகாரிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சாலை ஓரத்துப் புளியமரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வம்பன் தாண்டியதும் முன்னால் ஒரு வண்டி போவது தெரிந்தது. ஒற்றை மாடு. சக்கரத்தில் நீலச் சாயம்.

அந்தச் சாயத்தை அடித்தது ஆவுடையப்பன்தான். போன பொங்கலுக்கு.

கழுத்து மணிச் சத்தம் கரி என்ஜின் இரைச்சலையும் தாண்டி அவர் காதுக்கு வந்தது. வந்ததாகத்தான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நம்புகிறேன். ஹாரன் அடித்தார். இருளாண்டி ஓரம் கட்டினான். பஸ் வண்டியை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், அதிகாரி சொன்னார்:

"நிறுத்து."

அவ்வளவுதான். ஆவுடையப்பன் உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்து நெஞ்சுக்கு இழுத்தது. அடிவயிற்றிலிருந்து குரல் கிளம்பியது.

"ஓ...வ்!"

பஸ் நிற்கவில்லை. அதற்கு என்ன தெரியும், பாவம்.

மயிலை நின்றுவிட்டது.

நின்றது மட்டுமா? குரல் வந்த பக்கம் பார்க்க வேண்டுமென்று வண்டியோடு திரும்பிச் சாலைக்குக் குறுக்கே வந்து நின்றது. இருளாண்டி சாட்டையைப் போட்டுவிட்டுக் குதித்தான். ஆவுடையப்பன் இன்னும் பலமாக இழுத்து இன்னும் பலமாக ஒரு "ஓ...வ்" போட்டார். மாடு இன்னும் நன்றாக நின்றது.

"அண்ணே, காலு! காலு!" என்று பின்னாலிருந்து சூசைராஜ் அலறினான்.

அப்போதுதான் அவருக்குக் கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. மிதித்தார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ராசாத்தியின் கருவாடு முழுக்க அதிகாரியின் மடியில்.

மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. இரண்டு முழம் என்று சூசைராஜ் சொல்வான். அவன் ஆவுடையப்பன் கட்சி.

மயிலை கழுத்தை நீட்டி என்ஜின் மூடியை முகர்ந்து பார்த்தது. பிறகு பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தது. ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுரோட்டில், ஊர் ஜனத்துக்கு முன்னால், பரீட்சை அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு இல்லை.

இருளாண்டி இழுத்துப் பார்த்தான், அடித்துப் பார்த்தான். மாடு அசையவில்லை. அதிகாரி கருவாட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே, "போய் விலக்கிவிட்டு வா" என்றார். இவர் இறங்கிப் போய் மயிலையின் திமிலில் கை வைத்தார். நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுத்தால் போய்விடும். எத்தனை ஆயிரம் தடவை கொடுத்த சத்தம். அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தை விட்டு வரவில்லை.

"போடா," என்றார் கடைசியில். "போ. அவரு ஒன்ன நல்லா வச்சுக்குவாரு."

மாடு போயிற்று.

*

புதுக்கோட்டை ஷெட்டில் அதிகாரி ஒரு காகிதத்தை எழுதி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ். சூசைராஜ் எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் சொன்னான். வாய்ப் பரீட்சையில் தேறினார். ஓட்டுவதில் தேறவில்லை. காரணம்: வண்டியை நிறுத்துவதற்கு வாயை உபயோகிக்கிறார்.

கடைசி வரியை வாசிக்கும்போது சூசைராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

அடுத்த புதன்கிழமை மறு பரீட்சை. அதுவும் தவறினால் லைசென்ஸும் இல்லை, அப்புரெண்டிசும் இல்லை. மாடும் வண்டியும் ஏற்கெனவே இல்லை.

"ரெண்டு வருசத்துல எல்லாம் சொல்லிக் குடுத்தேண்ணே," என்றான் சூசைராஜ். "ஒங்க வாய மறக்கச் சொல்லிக் குடுக்க மறந்துட்டேன். என் தப்புதான்."

"ஒன் மேல என்ன தப்பு தம்பி," என்றார் இவர். ஷெட்டுக்குள் நின்றுகொண்டே அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

*

அவர் வீட்டுக்கு வரும் முன்பே சேதி வந்துவிட்டது. மத்தியான பஸ்ஸில் திரும்பிய ராசாத்தி தெரு முழுக்க நடித்துக் காட்டிவிட்டாள். கருவாடு அன்றைக்கு நன்றாக விற்றிருக்கும்.

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் வாசலில் உட்கார்ந்தார். செவந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"தவறிப்போச்சு," என்றார்.

"வாய்ப் பரீச்ச?"

"அது தேறிருச்சு."

"அப்ப என் பாதி தேறிருச்சு. ஒங்க பாதிதான் பாக்கி. அதுக்கு ஏன் இடிவிழுந்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க? எந்திரிங்க."

எழுந்தார். இவள் முற்றத்து உரலைக் காட்டி, அதில் உட்காரச் சொன்னாள். கையில் அரிசி புடைக்கிற சுளகைக் கொடுத்தாள். அதுதான் ஸ்டீயரிங். வலது காலுக்கு முன்னால் ஒரு செங்கல்லைப் போட்டாள். அது எது என்று உங்களுக்கே தெரியும்.

கையில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு செவந்தி முற்றத்தைச் சுற்றி வந்தாள். திடீரென்று "மாடு!" என்றாள்.

"ஓ...வ்!" என்றார் ஆவுடையப்பன். சுளகு நெஞ்சில் வந்து இடித்தது.

"பள்ளம்!" "ஓ...வ்!" "போலீசு!" "ஓ...வ்!" பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுவரில் ஏறி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தன. இருபது தடவையாயிற்று. கால் சில நேரம் செங்கல்லுக்கு வந்தது, ஆனால் வாய் அதற்கு முன்னால் போய்விட்டது. நாற்பது வயசு மனுஷர், கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, என்னால் ஆகாது செவந்தி, விட்டுவிடு என்றார். அப்பன் வாயிலிருந்து என் வாய்க்கு வந்தது, ஒரு சாயங்காலத்தில் எங்கே போகும் என்றார்.

செவந்தி இடுப்பில் கையை வைத்து யோசித்தாள். பிறகு சொம்பை எடுத்து நீட்டினாள்.

"வாய் நெறையத் தண்ணி வச்சுக்கங்க. முழுங்கக் கூடாது. வாயத் தொறந்தா மேல கொட்டும். காலு மட்டுந்தான் பேசணும்."

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத பாடம் இது. நாலாம் வகுப்போடு நின்ற ஒருத்தியின் மண்டையில் உதித்தது. அவள் இருந்த இருப்புக்கு முறையாக இரண்டு வருஷம் ஷெட்டில் விட்டிருந்தால் முதலாளிக்கே லைசென்ஸ் கொடுத்திருப்பாள்.

முதல் தடவை தண்ணீர் சுளகெல்லாம் கொட்டியது. இரண்டாம் தடவை செவந்தி மேலேயே. வேட்டி நனைந்தது, உரல் நனைந்தது, சுவரில் இருந்த பிள்ளைகளில் ஒன்று சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தது. இவள் சிரிக்கவில்லை. சொம்பை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள்.

வெயில் கொட்டகைக் கூரையில் ஏறிவிட்டது. விளக்கு வைக்க இன்னும் நேரமிருந்தது. எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, செவந்தி சட்டென்று திரும்பி "மாடு!" என்றாள்.

கால் செங்கல்லில் இறங்கியது. வாய் மூடியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை.

ஆவுடையப்பன் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். கண்ணில் அத்தனை சந்தோஷம். சின்னப் பிள்ளை மாதிரி.

செவந்திக்கும் சந்தோஷம்தான். ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு அவள் சொம்பைக் குனிந்து பார்த்தாள். பதினாலு வருஷமாகத் தெருமுனையில் அந்த "ஓ...வ்" கேட்டுத்தான் அவள் உலையில் அரிசி போட்டிருக்கிறாள். மழையோ வெயிலோ, அந்தச் சத்தம் வந்தால் மனுஷன் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் முகம் மனசில் பதிவதற்கு முன்பே அந்தக் குரல் பதிந்துவிட்டது. அதை இன்றைக்கு ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து அவளே அடைத்துவிட்டாள்.

இதை அவள் யாரிடம் சொல்வாள்? "இன்னொரு தடவ," என்று மட்டும் சொன்னாள். அவரும் வாயை நிரப்பிக்கொண்டு, செங்கல்லில் காலை வைத்துத் தயாராக உட்கார்ந்தார்.

அப்போது தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டது.

இருவருக்கும் தெரிந்த மணி. உலகத்தில் வேறு எந்த மாட்டுக்கும் இல்லாத, விளிம்பில் விரிசல் விட்ட மணி.

மயிலை தெருவில் தனியாக வந்துகொண்டிருந்தது. அதற்குக் கால் வலிக்கிறது என்பது நடையிலேயே தெரிந்தது. எங்கேயிருந்து நடந்ததோ. வீட்டுக்கு நேரே வந்தது, நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டிய குரல் கேட்கவில்லை. ஒருவேளை வீடு இது இல்லையோ என்று அது நினைத்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி மேலே நடந்தது.

ஆவுடையப்பன் உரலில் பதைத்தார். வாய் நிறையத் தண்ணீர். கன்னம் துடித்தது. இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் துப்பியிருப்பார்.

"துப்பாதீங்க," என்றாள் செவந்தி. "கால எடுக்காதீங்க."

சொல்லிவிட்டு விளக்குமாற்றைப் போட்டாள். படியிறங்கித் தெருவுக்கு ஓடினாள். பிறந்ததிலிருந்து தெருவில் குரல் உயர்த்திப் பேசியறியாதவள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"ஓ...வ்!"

மாடு நின்றது.

அவள் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உரலில் உட்கார்ந்திருந்த மனுஷருக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. வாயிலிருந்து கொட்டவில்லை. கால் செங்கல்லிலேயே இருந்தது.

"செவந்தி பாஸ்," என்று சுவரில் இருந்த ஒரு பிள்ளை கத்தியது.

கழுத்தைத் தடவிக்கொண்டே வந்த அவள் கை சட்டென்று நின்றது. புதுக் கயிறு பாதியில் அறுந்து தொங்கியது. வண்டி இல்லை. நுகத்தடி இல்லை. அறுந்த நுனியில் ஒரு சிவப்புத் துண்டு இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

இருளாண்டி தலையில் கட்டியிருந்த துண்டு. அவிழ்ந்து சிக்கியது இல்லை அது. உதவிக்கு ஆள் வரட்டும் என்று யாரோ கட்டி அனுப்பியது.

செவந்தி திரும்பிப் பார்த்தாள். ஆவுடையப்பன் வாயிலிருந்த தண்ணீரை மடக்கென்று விழுங்கிவிட்டு உரலை விட்டு எழுந்தார்.